வெள்ளை மைக்கு ஏற்ற விளக்கு

ஆரியசாலை, திருவனந்தபுரம்
2-9-1998

தாணுவுக்கு,

அப்பா போய் மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். உறவு கொண்டாட எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷின் விஷயமாக எழுதுகிறேன்.

அப்பாவின் அச்சுக்கூடத்தை நான் விடவில்லை. பில் புத்தகமும் கல்யாணப் பத்திரிகையும் கம்ப்யூட்டர்காரர்களிடம் போய்விட்டதால், இப்போது பிளாஸ்டிக் புட்டிகளில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து கொடுக்கிறேன். நெய்யாற்றின்கரையில் ஒரு கஷாயக் கம்பெனி. பழுப்புப் புட்டியில் வெள்ளை மையால் மருந்தின் பெயரும், ஐந்து, பத்து, பதினைந்து மில்லி என்று அளவுக்கோடும் போட வேண்டும். காற்றில் காய்கிற மைக்கு ஒரு நாள் ஆகிறது. அதனால் ஜூலையில் யூவி மெஷின் வாங்கினேன். உள்ளே ஒரு குழல் விளக்கு, அதன் அடியில் புட்டி பெல்ட்டில் போகும், மூன்று நொடியில் மை காயும் என்றார்கள். காயத்தான் செய்கிறது. ஆனால் மெஷினில் நிற்கிற ராகேல் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பத்து மில்லிக் கோடு பாலாடை மாதிரி உரிந்து கையோடு வந்துவிட்டது. "எக்கா, மேல உணங்கியிருக்கு. அடியில பச்சையாட்டு கிடக்கு பாத்தியளா," என்றாள். பாறசாலைக்காரி, அவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.

ஏஜென்டிடம் சண்டை போட்டேன். விளக்கை மாற்ற வேண்டுமாம். எந்த விளக்கு என்று அவனுக்கே தெரியவில்லை. "பரீதாபாத் கம்பெனிக்கு எழுதுங்க சேச்சி, அவிட சர்வீஸ் இன்ஜினியர் நம்ம ஊர்க்காரன் தன்னே, ஒரு தாணு," என்றான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துக்கொள்.

எந்த விளக்கு வாங்க வேண்டும்? இருப்பதில் அதிகப் பிரகாசமானது எது? அதை மட்டும் எழுது. கம்பெனி ஒரு வருட ஆர்டர் தந்திருக்கிறது. அது போனால் நான்கு பெண்கள் வீட்டுக்குப் போக வேண்டும், நான் அப்பாவின் கூடத்தைப் பூட்ட வேண்டும்.

சிவகாமி


பரீதாபாத்
14-9-1998

அக்காவுக்கு,

கேட்டதற்கு மட்டும் பதில் எழுதச் சொல்லியிருக்கிறாய். எழுதுகிறேன்.

பிரகாசத்தைப் பார்த்து விளக்கு வாங்காதே. மையைக் காய வைப்பது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். உன் மெஷினில் இருப்பது சாதாரண மெர்க்குரி விளக்கு. அதன் வெளிச்சம் குட்டை அலை. வார்னிஷுக்கும் மெல்லிய பூச்சுக்கும் அது போதும். வெள்ளை மையில் இருக்கிற வெள்ளைப் பொடி அந்த அலையை மேலேயே மறித்துவிடும், அடிவரை போக விடாது. ராகேல் சொன்னதுதான் சரி. எங்கள் கம்பெனியில் டை கட்டிக்கொண்டு இதைச் சொல்ல இரண்டு பேர் இருக்கிறோம்.

மெர்க்குரியோடு இரும்பு சேர்த்த விளக்கு ஒன்று உண்டு. அது கறுப்புக்கும் அழுத்தமான நிறங்களுக்கும் நல்லது. வெள்ளைக்கு வேண்டியது காலியம் என்ற உலோகம் சேர்த்தது. ஊதாவாக எரியும். பார்த்தால் இதுவா பெரிய விளக்கு என்று தோன்றும். அதன் அலை நீளமானது, மைக்குள் இறங்கி அடியைப் பிடிக்கும். மைக்காரனிடமும் அதற்குத் தோதான மை கேட்டு வாங்கு. எங்கள் ஸ்டோரில் ஒரு விளக்கு இருக்கிறது, அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஆயிரம் மணி நேரம் உழைக்க வேண்டும்.

இதைக் கவனமாகப் படி. விளக்கை வெறும் கையால் தொடாதே. எரியும்போது அந்த குவார்ட்ஸ் குழல் எண்ணூறு டிகிரி சூடாகும். கைவியர்வையில் இருக்கிற உப்பு போதும், அது வெந்து கண்ணாடிக்குள் இறங்கும், அந்த இடம் வெளுத்துத் தொய்ந்துவிடும். பருத்திக் கையுறை போட்டு மாட்டு. மாட்டியபின் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடை. எந்தத் தேதியில் மாட்டினாய், தினமும் எத்தனை மணி நேரம் எரிந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வை.

அப்பாவின் கூடத்தைப் பூட்டுவது பற்றி எழுதியிருந்தாய். நான் அதற்குள் கடைசியாக நுழைந்தது 94 மே மாதம். சிஜி உனக்கு ஒன்றும் எழுதச் சொல்லவில்லை. உன் கடிதத்தை மட்டும் இரண்டு தரம் படித்தாள்.

தாணு


ஆரியசாலை
5-11-1998

தாணு,

விளக்கு அக்டோபர் 12-ம் தேதியே வந்துவிட்டது. 31-ம் தேதி மாட்டினேன். நீ சொன்னபடி கையுறை, ஸ்பிரிட், நோட்டு எல்லாம் உண்டு.

நகம் உடைகிறது, மை வரவில்லை. கஷாயக் கம்பெனி மேனேஜர் அனந்தபத்மநாபன் வந்து நாணயத்தால் தேய்த்தார், சாவியால் கீறினார், கடைசியில் ராகேலிடம் கொண்டை ஊசி கேட்டார். அவள் கொடுக்கவில்லை. "மதி, போதும் சேச்சி, இனி பேடிக்கான் ஒண்ணுமில்ல," என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் வீட்டில் பாயசம் வைத்தேன். எனக்கு ஒருத்திக்குப் பாயசம்.

அப்பா இருந்திருந்தால் பெட்டியைப் பிரிக்கவே நாள் பார்த்திருப்பார், உனக்குத் தெரியுமே.

சிவகாமி


பரீதாபாத்
17-11-1998

அக்கா,

சந்தோஷம். விளக்கு வந்து பத்தொன்பது நாள் ஏன் பெட்டியிலேயே இருந்தது? ஆர்டர் அவசரம் என்றாயே.

அப்பாவைப் பற்றி நீதான் எடுத்தாய், அதனால் நானும் எழுதிவிடுகிறேன். தந்தி கிடைத்து இரண்டு பகல் இரண்டு ராத்திரி ரயிலில் வந்தேன். சிஜியை மாதாகோயிலில் கல்யாணம் செய்தவன் கொள்ளி வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள், அத்தை மகன் வைத்தான். நான் எதிரே கயிற்றுக்கடை வாசலில் நின்றேன். நீ மாடி ஜன்னலில் நின்றாய். என்னைப் பார்த்தாய். அவர்கள் சொன்னதை நான் மறந்துவிட்டேன் அக்கா. நீ ஜன்னலில் நின்றது மறக்கவில்லை.

தாணு


ஆரியசாலை
1-12-1998

தாணுவுக்கு,

உன் விளக்கு செத்துவிட்டது. ஆயிரம் மணி நேரம் என்றாய். நோட்டுப்படி நூற்றுத் தொண்ணூறு. குழலின் நடுவில் ஒரு காசு அளவுக்கு வெளுத்து, அந்த இடத்திலேயே தொய்ந்து, பிறகு பட்டென்று அணைந்துவிட்டது. பழையபடி காற்றில் காயும் மையைப் போட்டு, புட்டிகளைத் தரை முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறோம். நடக்க இடமில்லை.

ஜன்னலைப் பற்றி எழுதியிருந்தாய். நான் கதவைச் சாத்தவில்லை. திறக்கவும் இல்லை. வேறு விளக்கு அனுப்பு.

சிவகாமி


பரீதாபாத்
9-12-1998

அக்கா,

விலையில்லாமல் இன்னொன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன். செத்த விளக்கை ஏஜென்ட் மூலம் இங்கே அனுப்பு, வெளிநாட்டில் அதைச் செய்தவர்களிடம் காட்ட வேண்டும். இந்த விளக்கைத்தான் இனி எல்லா மெஷினிலும் போட வேண்டும் என்று ஆபீஸில் பரிந்து பேசியது நான். அதனால் என் தலையும் கொஞ்சம் உருளுகிறது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. யாராவது வெறும் கையால் தொட்டார்களா? ராகேல்? வேறு பெண்கள்?

தாணு


ஆரியசாலை
20-1-1999

தாணுவுக்கு,

இரண்டாவது விளக்கும் போய்விட்டது. டிசம்பர் 24 மாட்டியது, ஜனவரி 18 வரைதான். அதே இடம், நடுவில். "எக்கா, இதும் வெளுத்துப் போச்சு," என்று ராகேல் மெஷினை நிறுத்திவிட்டு அழுதாள். அவளைப் போய்ச் சந்தேகப்பட்டாயே. விளக்கை மாட்டுவது நான் ஒருத்திதான். வேறு யாரையும் பக்கத்தில் விடுவதில்லை. கையுறை போட்டேன், ஸ்பிரிட்டால் துடைத்தேன். அப்பா மேல் ஆணை.

அனந்தபத்மநாபன் தினமும் போன் செய்கிறார். தரையில் பரப்பிக் காய வைக்க இனி அவகாசம் இல்லை. அதனால் பழைய மெர்க்குரி விளக்கையே மாட்டி ஓட்டுகிறேன். அடி பச்சையாக இருக்கும் என்று தெரியும். பெட்டியில் ஒரு வாரம் கிடந்தால் தானாகக் காய்ந்துவிடாதா? காயும் என்று எழுது.

சிவகாமி


பரீதாபாத்
29-1-1999

அக்கா,

காயாது. வருடம் முழுக்க வைத்தாலும் வெளிச்சம் படாத மை அப்படியேதான் கிடக்கும். அந்தப் புட்டிகளை அனுப்பாதே. அனுப்பிவிட்டிருந்தால் உடனே திரும்பக் கேள்.

இந்தமுறை இரண்டு விளக்கு வரும், ஒன்று ஸ்பேர். வந்த அன்றைக்கே மாட்டு. சண்டை போட்டுத்தான் வாங்கினேன். விளக்கில் குற்றமே இல்லை, மாட்டுகிறவர்கள் குற்றம் என்று வெளிநாட்டுக்காரன் எழுதுகிறான். என் அக்கா அப்படி மாட்டுகிற ஆள் இல்லை என்று நான் எழுதினேன். ஆபீஸ் கடிதத்தில் அக்கா என்றா எழுதுவாய் என்று மேலதிகாரி திட்டினார்.

நோட்டில் நீ எழுதி வைத்த பக்கங்களைப் பிரதி எடுத்து அனுப்பு.

தாணு


ஆரியசாலை
25-3-1999

தாணுவுக்கு,

மூன்றாவதும் போய்ப் பத்து நாளாகிறது. அதுவும் போய்விடுமோ என்று ஸ்பேர் பெட்டியைப் பிரிக்கவில்லை. விளக்கையும் நோட்டுப் பிரதியையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

ஜனவரியில் அனுப்பிய புட்டிகள் திரும்பி வந்துவிட்டன. உன் கடிதம் கிடைக்கும் முன்பே லாரி போயிருந்தது. அனந்தபத்மநாபன் ஒரு புட்டியை என் கண் முன்னால் கட்டைவிரலால் தடவினார். கோடு ஒன்றுகூட மிச்சமில்லை. "குழந்தை குட்டிகள்க்கு கொடுக்கிற மருந்தல்லே சேச்சி, இதில எங்ஙன அளக்கும்?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஆர்டரை 20-ம் தேதி நிறுத்திவிட்டார்கள்.

ராகேலையும் மற்ற மூன்று பேரையும் நேற்று அனுப்பினேன். ராகேல் மெஷினைத் துடைத்து உறை போட்டுவிட்டுத்தான் போனாள்.

மூன்று விளக்கு, மூன்றும் ஒரே இடத்தில். எனக்கு ஒன்று தோன்றுகிறது, எழுதாமல் இருக்க முடியவில்லை. ஜன்னலில் நின்றதற்கு நீ என்னைப் பழி வாங்கினாயா? கழித்துப்போட்ட விளக்குகளாகப் பார்த்து அனுப்பினாயா? இல்லை என்றால் இல்லை என்று ஒரு வரி எழுது.

சிவகாமி


பரீதாபாத்
12-4-1999

அக்கா,

இல்லை.

விளக்கைச் செய்தவர்கள் பேரில்தான் குற்றம். ஆபீஸிலும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாலாவது பெட்டியை நான் சொல்லும்வரை பிரிக்காதே.

தாணு


ஆரியசாலை
7-6-1999

அன்புள்ள தாணு,

உன் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உன்னிடமிருந்து என்று பிரித்தேன். மூன்று விளக்கையும் சோதித்த ரிப்போர்ட், கூடவே போட்டோ. குழலின் நடுவில் வட்டமாக ஒரு கறை. வெளியிலிருந்து ஏதோ குழைத்துப் பூசியிருக்கிறார்கள், அதிலிருந்த உப்பும் சாம்பலும் வெந்து இறங்கித்தான் கண்ணாடி கெட்டது என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, தாணு இப்போது எங்களிடம் வேலையில் இல்லை என்று ஒரு வரி.

அந்தப் போட்டோவை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது.

அதைச் செய்தது நான்தான்.

ஒவ்வொரு மாதமும் உன் சதய நட்சத்திரத்தன்று கோயிலுக்குப் போவேன். நீ பரீதாபாத் போன நாளிலிருந்து போகிறேன். கவுண்டரில் இருப்பவருக்கு இப்போது மனப்பாடம், நான் வாய் திறக்குமுன்னே "தாணு, சதயம், புஷ்பாஞ்சலி," என்று சீட்டு எழுதிவிடுவார். மேல்சாந்தி இலைக்கீற்றில் சந்தனம் தருவார். உன் பெயருக்கு வாங்கின சந்தனத்தை நான் எப்படிப் பூசிக்கொள்வது? உனக்குத் தபாலில் அனுப்பவும் முடியாது. மாதாகோயிலில் கல்யாணம் செய்தவனுக்குப் புஷ்பாஞ்சலி எதற்கு என்று நீ சிரிப்பாய், சிஜி என்ன நினைப்பாள். அப்போதுதான் நீ அனுப்பின விளக்கு வந்தது. அப்பா புது மெஷின் எதற்கும் சந்தனம் வைக்காமல் சுவிட்சைத் தொட விட்டாரா? சதயம் வரட்டும் என்று காத்திருந்தேன்.

கையுறை போட்டேன். ஸ்பிரிட்டால் துடைத்தேன். நீ எழுதிய வரிசையில் ஒன்றையும் விடவில்லை. எல்லாம் முடிந்தபின் வலது கையுறையைக் கழற்றிவிட்டு, மோதிர விரலால் நடுவில் ஒரு பொட்டு வைத்தேன். அதைத் தொடுவது என்று நான் நினைக்கவே இல்லை தாணு. நீ யாராவது தொட்டார்களா என்று கேட்டபோது எனக்கு இது ஞாபகத்துக்கே வரவில்லை. அப்பா மேல் ஆணை வைத்தது பொய் சொல்வதற்காக இல்லை. விளக்கு ஒவ்வொன்றாகப் போகப் போக, அடுத்ததற்கு இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தேன்.

அந்த நான்கு பெண்களின் வேலையும் உன் வேலையும் என் ஒரு விரலில் போயிற்று. உன்னைப் போய்ப் பழி வாங்கினாயா என்று கேட்டேன். மன்னித்துக்கொள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மன்னிக்கிற மாதிரியாகவும் இல்லை.

மெஷினை எடுத்துக்கொள்ள சிவகாசியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பிரிக்காத நாலாவது பெட்டியையும் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாமா? உன் வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். இது உன் கையில் கிடைக்க வேண்டும்.

அக்கா


பரீதாபாத்
22-6-1999

அக்கா,

எனக்கு ஏப்ரலிலேயே தெரியும்.

நீ அனுப்பிய நோட்டுப் பிரதியில் மாட்டிய தேதிகள் இருந்தன. அக்டோபர் 31, டிசம்பர் 24, பிப்ரவரி 17. அவசரம் என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு முறையும் பெட்டியை ஏன் நாள்கணக்கில் வைத்திருக்கிறாள் என்று யோசித்தேன். சிஜி வருடா வருடம் ஊரிலிருந்து மலையாளக் காலண்டர் வரவழைப்பாள், ஈஸ்டர் பார்க்க. அதை எடுத்துப் பார்த்தேன். பழைய வருடத்தையும் தேடி எடுத்தேன். மூன்றும் என் நட்சத்திரம். பிறகு விளக்கை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பினேன். நடுவில் விரலளவு வட்டம். அப்பாவின் மெஷின்களில் பார்த்த அதே இடம்.

ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதை உன்னிடம் சொல்வதில் இப்போது வெட்கம் இல்லை. நம் வீட்டில் எனக்காக யாரும் ஒன்றும் செய்வதில்லை என்று ஐந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கஸ்டமர் என்ன செய்தார் என்று மேலதிகாரி கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றேன். சந்தனம் என்று சொல்லியிருந்தால் வேலை இருந்திருக்கும். ஆனால் அங்கே எல்லோரும் சிரித்திருப்பார்கள். இனி வருகிற புதுப் பையன்களுக்கெல்லாம் டிரெயினிங்கில் உன்னை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நான் அங்கே உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் விளக்கு செய்தவர்கள் மேல் பழியைப் போட்டேன். அது பொய். சோதித்தால் தெரிந்துவிடும் என்றும் தெரியும்.

உனக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். அதற்குள் ஆர்டர் போயிருந்தது. எழுதினால் நீ வைப்பதை நிறுத்திவிடுவாய் என்றும் பயந்தேன். முதல் பத்தொன்பது நாள் தாமதத்தின்போதே காலண்டரைப் பார்த்திருந்தால் ராகேல் இன்றைக்கும் மெஷினில் நின்றிருப்பாள். நான் அன்றைக்கு ஜன்னலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

சிஜியின் அப்பா மஸ்கட்டில் ஒரு வேலை பார்த்திருக்கிறார். அட்டைப்பெட்டிக் கம்பெனி, விளக்கு வேலை இல்லை. ஜூலை 2 பம்பாயிலிருந்து கிளம்புகிறேன். திருவனந்தபுரம் வழியாகப் போகவில்லை. ஐந்து வருட ஒப்பந்தம், நடுவில் லீவு கிடைப்பது சந்தேகம். வந்தாலும் நீ பூட்டின கூடத்துக்கு முன்னால் நான் என்ன செய்வேன்?

மெஷினை அவர்களுக்குக் கொடுத்துவிடு. நாலாவது பெட்டியைக் கொடுக்காதே. அது எதிலும் எரிய வேண்டாம். ஜூலை 4, ஞாயிற்றுக்கிழமை, சதயம். கோயிலிலிருந்து வந்ததும் அதைப் பிரித்து, நடுவில் சந்தனம் வை.

கையுறை வேண்டாம்.

தாணு